லயன்களில் மூளும் தீ: பொறுப்பாளி யார்?

மலையகத்தில் லயன் குடியிருப்பொன்று தீக்கிரையானது என்ற செய்தி எமது வாசகர்களுக்குப் புதியதன்று. மின்னொழுக்கு காரணமாயிருக்கலாமெனச் சந்தேகிக்கப்படுவதாகவும், அயலவர்கள் கூடித் தீயை அணைத்ததாகவும், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளதாகவும் அச்செய்தி கூறும். சில நாட்கள் உலருணவும் உடுதுணியும் வழங்கப்படும். பின்னர் அது மறக்கப்பட்டுவிடும். ஒரு காம்பராவில் பற்றிய தீ முழு வரிசையையும் எரித்தது ஏன் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை.

அதற்கான விடை கட்டடத்திலேயே இருக்கின்றது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். இந்நாட்டின் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கை அங்கிருந்தே பரவியது. அதனோடு லயன் முறையும் வேரூன்றியது. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள், முன்னால் ஓர் இஸ்தோப்பு, நீண்ட வரிசை முழுவதற்கும் ஒரே தகரக்கூரை என்பதே அதன் அமைப்பு. பழைய லயன்கள் பலவற்றில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரைத் தகரம் வரை எழுப்பப்படவில்லை. சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திறந்தே கிடக்கின்றது. தீ மேலெழுந்ததும் சூடான புகையும் சுவாலையும் அவ்வெளியூடாகப் பக்கவாட்டில் விரைந்து, காய்ந்த கூரை மரங்களைப் பற்றிக்கொள்கின்றன. கீழே கதவைப் பூட்டியிருந்தாலும் பயனில்லை. தீ தலைக்கு மேலால் வந்துவிடுகின்றது.

தீ மூளுவதற்கான ஏதுக்களும் அங்கே குறைவில்லை. விறகடுப்பும், அதன் அருகே உலர வைக்கப்படும் விறகும், ஒரு விளக்குக்கென இழுக்கப்பட்ட பழைய வயரில் இன்று தொலைக்காட்சி, மின்னழுத்தி, தண்ணீர் சூடாக்கி எனப் பலவும் பொருத்தப்படுவதும் நாமறிந்தவை. கண்டி மாநகர சபையின் தீயணைப்பு வண்டி தலாத்துஓயாவைக் கடந்து வளைந்தேறும் மலைவீதியில் வந்து, பின் தோட்டத்தின் உட்பாதையிலும் ஏறவேண்டும். அது வந்துசேரும் முன்னரே எரிய வேண்டியவை எரிந்துவிடுகின்றன.

எரிபவை தட்டுமுட்டுச் சாமான்கள் மாத்திரமல்ல. 1948 இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்த சமூகம் இது. பிறப்பத்திரமும் அடையாள அட்டையும் ஒரு தகரப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தப்படுவதன் காரணத்தை இச்சமூகத்திற்கு விளக்கத் தேவையில்லை. அப்பெட்டியும் தீயோடு போகின்றது.

இனி, இக்கட்டடங்களுக்குப் பொறுப்பாளி யார்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. ஏனைய சில ஜனவசம போன்ற அரச நிறுவனங்களிடம் எஞ்சின. காணி அரசினுடையது, நிர்வாகம் தோட்டத்தினுடையது, குடியிருப்பவரிடமோ உறுதிப்பத்திரம் இல்லை. நிர்வாகத்தின் அனுமதியின்றி ஒரு சுவரை உயர்த்தக்கூட அவரால் இயலாது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதற்கிருந்த சட்டத்தடையும் 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே நீங்கியது. பலருக்கும் பங்குள்ள இடத்தில் எவருக்கும் பொறுப்பில்லை என்பதே இதுவரை கண்ட அனுபவம்.

சிதறிக் கிடக்கும் கட்டடங்களைத் தீயிலிருந்து காப்பது இயலாத காரியமன்று. வெளிநாடுகளில் தூதரகங்களையும் இல்லங்களையும் வைத்திருக்கும் அரசுகள் இதே சிக்கலை எதிர்நோக்குகின்றன. மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் 1977 ஆகஸ்டிலும் 1991 மார்ச்சிலும் பெருந்தீ மூண்டபோது, அந்நாட்டுத் தீயணைப்புப் படையையே நம்ப வேண்டியிருந்தது. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் வெளிநாட்டுக் கட்டடப் பணியகத்தில் தீப்பாதுகாப்புக்கெனவே ஒரு பிரிவு இயங்குகின்றது. எங்கிருந்தாலும் எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே நியமம், நேரிற் சென்று பரிசோதனை, அங்குள்ளோருக்குப் பயிற்சி என்பனவே அதன் வழிமுறை. உதவி தாமதமாகும் இடத்தில் கட்டடமே முதற்காவலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

முஸ்லிம் வாசகர்களுக்கு மினாவின் உதாரணம் நினைவிருக்கும். 1997 ஏப்ரல் 15 ஆம் திகதி ஹஜ் யாத்திரிகர்களின் கூடார நகரில் பரவிய தீயில் 343 பேர் உயிரிழந்தனர்; ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் அழிந்தன. அதன் பின்னர் சவூதி அரசாங்கம் கவனமாயிருக்குமாறு யாத்திரிகர்களுக்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. கூடாரங்களுக்குள் எரிவாயு அடுப்புகளைத் தடைசெய்து, எளிதில் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களை நிரந்தரமாக அமைத்தது. உரிமையாளரே பொறுப்பேற்றதால் இது சாத்தியமாயிற்று.

லயன்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் அமைவதே நிரந்தரத் தீர்வாகும். ஆயினும் கடைசிக் குடும்பமும் தனிவீட்டுக்குச் செல்லும்வரை தீ காத்திருக்கப் போவதில்லை. சில அறைகளுக்கு ஒன்றாகவேனும் பிரிசுவரைக் கூரைத் தகரம் வரை செங்கல்லால் உயர்த்தி இடைவெளியை அடைத்துவிட்டால், தீ அந்தச் சுவரோடு தடைப்படும். அண்டை வீட்டார் தப்பவும் பொருட்களை அகற்றவும் அவகாசம் கிடைக்கும். மின்னிணைப்புகளைச் சோதித்து ட்ரிப் சுவிட்ச் பொருத்துதல், லயத்திற்கருகே நீர்த்தொட்டியும் மணல்வாளிகளும் வைத்தல், தோட்ட இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தல் என்பனவும் பெருஞ்செலவு கோருபவை அல்ல. ஆவணங்களின் பிரதிகளைப் பிரதேச செயலகம் பாதுகாத்து வைக்கலாம். ஒரே கூரையின்கீழ் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வணிகம் செய்யும் மலைநகரக் கடைவரிசைகளுக்கும் இவற்றுட் பல பொருந்தும்.

எல்லா லயன்களையும் பதிவுசெய்து, ஆண்டுதோறும் பரிசோதித்து, குறை கண்டால் திருத்துமாறு கட்டளையிடும் அதிகாரமுள்ள ஒரே ஓர் அலுவலகம் முதலில் அமைய வேண்டும். காணியின் சொந்தக்காரரான அரசுக்கே அக்கடமை உரியது. தீ அணைந்த பின் வழங்கும் உலருணவை விட, தீ பரவாமல் தடுக்கும் ஒரு செங்கற் சுவர் அம்மக்களுக்குப் பெரிய நிவாரணமாகும்.