அன்று பாலம், இன்று ஓடுதளம்

1957 நவம்பரில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் விசித்திரமான வாதம் ஒன்றை எடுத்து வைத்தார். பெயர் ஜேம்ஸ் டோனவன். இன்சூரன்ஸ் வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் அன்று அவர் ஆஜரானது ஒரு சோவியத் உளவாளிக்காக. ருடால்ஃப் ஏபெல் என்று பிடிபட்ட அந்த மனிதரின் உண்மைப் பெயர் வில்லியம் ஃபிஷர் என்பதும், அவர் பிறந்தது இங்கிலாந்தின் நியூகாசிலில் என்பதும் பின்னால் தெரியவந்த கதை. மரண தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. டோனவன் சொன்னதன் சாரம் இதுதான்: இவரைக் கொன்றுவிட்டால் அத்தோடு முடிந்தது. உயிரோடு வைத்திருந்தால், நாளை நம்மவர் யாராவது அவர்களிடம் சிக்கும்போது மாற்றிக்கொள்ள உதவுவார். நீதிபதி 30 ஆண்டு சிறை விதித்தார்.

இன்சூரன்ஸ்காரருக்குத்தான் இப்படி யோசனை வரும். மூன்றே ஆண்டுகளில் அது பலித்தது. 1960 மே 1 அன்று, சோவியத் வானில் வெகு உயரத்தில் பறந்து படமெடுத்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் யு-2 விமானம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி ஃபிரான்சிஸ் கேரி பவர்ஸ் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார். மாஸ்கோவில் விசாரணை, 10 ஆண்டு தண்டனை.

இந்த இரண்டு கதையிலும் ஒவ்வொரு நாணயம் உண்டு. ப்ரூக்ளினில் பேப்பர் போடும் பையன் ஒருவன் 1953-ல் தன் கையிலிருந்து தவறவிட்ட ஐந்து சென்ட் காசு இரண்டாகப் பிளந்தது. உள்ளே குட்டி ஃபிலிம். அந்தச் சங்கேதச் செய்தியின் முடிச்சு அவிழ்ந்ததும் ஏபெல் பிடிபட்ட அதே 1957-ல்தான். பவர்ஸிடம் இருந்தது வெள்ளி டாலர். அதற்குள் விஷ ஊசி. ஊர் திரும்பியபோது அவரைச் சிலர் கேட்ட கேள்வி, அந்த ஊசியை ஏன் குத்திக்கொள்ளவில்லை என்பது.

1962 பிப்ரவரி 10 காலை. மேற்கு பெர்லினையும் போட்ஸ்டாமையும் இணைக்கும் கிளீனிக்கே பாலத்தின் ஒரு முனையில் ஏபெல், மறுமுனையில் பவர்ஸ். உடனே நடக்கவிடவில்லை. கிழக்கு ஜெர்மனியில் சிக்கியிருந்த ஃபிரெட்ரிக் ப்ரையர் என்ற அமெரிக்க மாணவர் நகரின் வேறொரு எல்லைச் சாவடியில் விடுவிக்கப்பட்டார் என்று தகவல் வரும்வரை இரு தரப்பும் பாலத்தில் குளிரில் நின்றன. தகவல் வந்த பிறகுதான் இருவரும் நடுக்கோட்டைக் கடந்தார்கள். ஸ்பீல்பெர்க் 2015-ல் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம்.

சரிக்குச் சரியான பேரம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒன்றுக்கு இரண்டு. தராதரத்தில் பார்த்தால், பழுத்த உளவுத் தலைவருக்கு ஈடாக ஒரு விமானியும் ஒரு மாணவரும். ஆகவே ஏற்றத்தாழ்வான பேரம் என்பது இந்தக் காலத்துச் சீரழிவு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். 1985 ஜூனில் அதே பாலத்தில் 4 பேரைக் கொடுத்து 23 பேரை மேற்கு நாடுகள் மீட்டன. மாறியிருப்பது எண்ணிக்கை அல்ல. மாறியது, ஆளைப் பிடிப்பதற்கான காரணம்.

அன்று இரு தரப்பும் தங்கள் ஆட்களைத் தெரிந்தே அனுப்பின. பிடிபட்டால் சிறை என்று போனவருக்கும் தெரியும். சிறைக்குப் போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்பது பின்யோசனை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மேற்கு ஜெர்மனி 1963 முதல் 1989 வரை கிழக்கு ஜெர்மனியின் அரசியல் கைதிகள் 33,000-க்கும் மேற்பட்டோரை விலைகொடுத்தே வாங்கியது. செலவு 300 கோடி மார்க்குக்கும் மேல். பெரும்பகுதி பணமாகப் போகவில்லை, சரக்காகப் போனது. பேரம் பேசிக் கொடுத்தவர் வோல்ஃப்காங் ஃபோகல் என்ற கிழக்கு ஜெர்மன் வழக்கறிஞர். பவர்ஸ் விவகாரத்திலும் இடைத்தரகர் அவர்தான். கஜானா காலியான அரசு ஒன்றுக்குக் கைதிகள் வருமானமாகிவிட்டால், சிறை எப்போதாவது காலியாகுமா என்ற சந்தேகம் அப்போதே பலருக்கு எழுந்தது. ஆனாலும் விற்றவர்கள் விற்றது தங்கள் நாட்டு மக்களை. விருந்தாளியைப் பிடித்து விற்கும் பழக்கம் அன்று அரிது.

திருப்பம் எப்போது என்று கேட்டால் நான் 1986-ஐச் சொல்வேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் சோவியத் மனித உரிமைப் போராளி அனதோலி ஷரான்ஸ்கி கிளீனிக்கே பாலத்தைக் கடந்தார். ஒன்பதாண்டுச் சிறைக்குப் பின் தொளதொள பேண்ட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் உளவாளி அல்ல என்பதை அழுத்திச் சொல்வதற்காகவே மற்றவர்களுக்கு முன்னால் தனியாக நடக்கவைத்தார்கள். அந்த அளவுக்கு அன்று வித்தியாசம் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் கெனாடி ஜகாரோவ் என்ற சோவியத் உளவாளி கைதானார். ஒரு வாரத்தில் மாஸ்கோவில் நிக்கோலஸ் டேனிலோஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைத் தூக்கினார்கள். தெரிந்தவர் ஒருவர் கையில் திணித்த பொட்டலமே சாட்சி. ஒரு மாதத்தில் இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இது பரிமாற்றமே இல்லை என்று ரீகன் அரசு சாதித்தது. உலகம் நம்பவில்லை.

டோனவனின் யோசனையைத் தலைகீழாகத் திருப்பிய முதல் பாடம் அது. கையில் இருப்பவரை நாளைய தேவைக்குப் பத்திரமாக வைத்திரு என்றார் அவர். நமக்கு ஆள் தேவைப்பட்டால் இன்றே போய் ஒருவரைப் பிடித்து வா என்பது புதிய பாடம்.

இடையில் 2010 ஜூலையில் வியன்னா விமான நிலையத்தில் ஒருமுறை பழைய மரபில் நடந்தது: அமெரிக்காவில் பொய்ப்பெயரில் குடும்பம் நடத்திய ரஷ்ய உளவாளிகள் 10 பேர், மறுபக்கம் 4 பேர். அந்த நால்வரில் ஒருவரான செர்கெய் ஸ்க்ரிபாலுக்கு 2018-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் நரம்பு விஷம் வைக்கப்பட்டது. மாற்றிக்கொடுத்தவரைப் பின்தொடரக் கூடாது என்ற எழுதப்படாத ஒப்பந்தமும் அத்தோடு போயிற்று.

இனி இன்று. 2022 பிப்ரவரி 17. மாஸ்கோ ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரின் பெட்டியைச் சோதித்தார்கள். அதற்குள் ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம் வென்றிருந்த ஆறடி ஒன்பது அங்குலப் பெண்மணி. அமெரிக்கப் பெண்கள் லீகில் கிடைக்கும் சம்பளத்தைவிட ரஷ்யக் கிளப் பல மடங்கு தந்ததால், ஓய்வுப் பருவத்தில் அங்கே ஆடப் போவது அவருக்கு வழக்கம். பெட்டியில் இருந்தது கஞ்சா எண்ணெய் கொண்ட வேப் குப்பிகள், மொத்தம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதற்கு 9 ஆண்டு. பிறகு மொர்தோவியாவின் பெண்கள் சிறை முகாம்.

ரஷ்யா கேட்ட விலை விக்டர் பூட். மரண வியாபாரி என்று பெயரெடுத்த ஆயுதத் தரகர். 2008-ல் பாங்காக்கில் அமெரிக்க அதிகாரிகள் விரித்த வலையில் விழுந்து, 25 ஆண்டு தண்டனையில் இருந்தவர். டிசம்பர் 8 அன்று அபுதாபி விமான நிலையத்தின் ஓடுதளத்தில் இருவரும் எதிரெதிரே கடந்தார்கள். அமெரிக்காவில் உடனே கூச்சல்: ஒரு பந்தாட்டக்காரிக்கு ஆயுத வியாபாரியா? 2018 டிசம்பரிலிருந்து ரஷ்யச் சிறையில் இருக்கும் முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர் பால் வீலன் என்ன ஆனார்?

முதல் கேள்விக்கு பூட்டுக்குத் தண்டனை விதித்த நீதிபதி ஷைரா ஷெய்ன்ட்லினே பாதி பதில் சொல்லியிருந்தார். சட்டம் குறைந்தபட்சம் 25 என்று கட்டாயப்படுத்தியதால்தான் அவ்வளவு விதித்ததாகவும், அது அதிகம் என்பதே தன் கருத்து என்றும் அவர் சொன்னார். விடுதலையாகும்போது பூட் 14 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தாகிவிட்டது. மீதி பாதி அவ்வளவு வசதியானது அல்ல. 2023-ல் அவர் உல்யானோவ்ஸ்க் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். 2024-ல் ஹூதிகளோடு ஆயுத பேரம் பேசுகிறார் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. வீலன் மட்டுமல்ல. மருத்துவத்துக்கென்று 17 கிராம் கஞ்சா கொண்டுபோன மார்க் ஃபோகல் என்ற பள்ளி ஆசிரியர் கிரைனருக்கு முன்பே, 2021-ல் அதே விமான நிலையத்தில் பிடிபட்டார். அவருக்கு 14 ஆண்டு. அவருக்காகப் பாட்டுக்காரரோ நடிகரோ குரல் கொடுக்கவில்லை, 95 வயதுத் தாய்தான் கதவுகளைத் தட்டினார். 2025 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். இப்படிச் சிக்கியவர்களை மீட்பதற்கென்று அமெரிக்காவில் 2015 முதல் தனித் தூதர் இருக்கிறார், 2020-ல் தனிச் சட்டமே வந்தது. ஒருவர் ‘அநியாயமாகப் பிடித்துவைக்கப்பட்டவர்’ என்று அரசு முத்திரை குத்தினால்தான் பேரம் தொடங்கும். அந்த முத்திரை விழுவதற்குள் ஒருவருக்குச் சில வாரம், ஒருவருக்கு மூன்றாண்டு. பேரத்தில் உள்ள பெரிய ஏற்றத்தாழ்வு இரு நாடுகளுக்கு இடையே அல்ல, ஒரே நாட்டின் இரு குடிமக்களுக்கு இடையே.

பவர்ஸின் விமானம் விழுந்த ஸ்வெர்த்லோவ்ஸ்க்குக்கு இன்றைய பெயர் யெகாத்தெரின்பர்க். கிரைனர் ஆடியது அந்த ஊர் அணிக்கு. 2023 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் இவான் கெர்ஷ்கோவிச்சைப் பிடித்ததும் அங்கேதான். உக்ரைன் உதவி அமைப்பு ஒன்றுக்கு ஐம்பது டாலர் சொச்சம் நன்கொடை தந்ததற்காக, இரட்டைக் குடியுரிமை கொண்ட ஒரு பெண்ணுக்கு 2024-ல் 12 ஆண்டு தேசத்துரோகத் தண்டனை விதித்ததும் அதே ஊர் நீதிமன்றம். ஒரு காலத்தில் அந்த ஊரில் சிக்க வேண்டுமென்றால் உளவு விமானத்தில் பறக்க வேண்டியிருந்தது.

கெர்ஷ்கோவிச்சுக்கான விலை அமெரிக்காவின் கையில் இல்லை. புதின் கேட்டது வாதிம் கிராசிகோவை. 2019 ஆகஸ்டில் பட்டப்பகலில் பெர்லின் பூங்கா ஒன்றில் சைக்கிளில் வந்து, செச்சென் வம்சாவளி ஜார்ஜியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவர். கொலைக்கு உத்தரவிட்டது ரஷ்ய அரசே என்று தீர்ப்பில் எழுதி ஆயுள் தண்டனை தந்திருந்தது ஜெர்மன் நீதிமன்றம். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவால்னியை விடுவிப்பதற்கு ஈடாக அவரைத் தரப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், 2024 பிப்ரவரியில் நவால்னி ஆர்க்டிக் சிறையில் இறந்தார். ஆகஸ்ட் 1 அன்று அங்காரா விமான நிலையத்தில் 8 பேர் கிழக்கே, 16 பேர் மேற்கே. வீலனும் அப்போதுதான் வெளியே வந்தார். புறப்படும் முன் மன்னிப்பு மனு எழுதக் கொடுத்த படிவத்தில், புதின் தனக்கு ஒரு பேட்டி தருவாரா என்று கெர்ஷ்கோவிச் கேட்டு எழுதினார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம். மாஸ்கோவில் விமானத்திலிருந்து இறங்கிய கிராசிகோவை புதின் கட்டித் தழுவினார். மறுநாள் கிரெம்ளின் அவர் ரஷ்யப் பாதுகாப்பு உளவுத்துறையான எஃப்எஸ்பி-யின் ஆள் என்று ஒப்புக்கொண்டது.

நம் வாசகருக்கு இங்கே கந்தகார் நினைவுக்கு வரும். 1999 டிசம்பர் 31-ல் கடத்தப்பட்ட ஐசி 814 விமானப் பயணிகளுக்காக விடுவிக்கப்பட்ட மசூத் அசார், சில வாரங்களில் ஜெய்ஷ்-இ-முகமதைத் தொடங்கினார். 2019-ல் புல்வாமாவில் அந்த அமைப்பு நடத்திய தாக்குதலில் இறந்த 40 துணை ராணுவத்தினரில் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்து இருவரும் உண்டு. 1999-ல் பிரதமர் வீட்டு வாசலில் கதறிய பயணிகளின் உறவினர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விடுவித்தவர் வெளியே போய் என்ன செய்வார் என்ற கணக்கைப் போடாமல் செய்த பேரம் அது.

அந்தக் கணக்கைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன். ஒருவருக்கு எத்தனை பேர் என்று தலையை எண்ணுவது வீண். மாட்டிக்கொண்ட உளவாளி, ஹேக்கர், பாதித் தண்டனை முடித்த தரகர் ஆகியோரைத் தாராளமாகக் கொடுக்கலாம். முகம் வெளிப்பட்டுவிட்ட உளவாளியால் இனி பெரிதாக ஆகப்போவதில்லை. ஆள் திரட்டும் இயக்கத் தலைவனைக் கொடுக்கக் கூடாது. கிராசிகோவ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவர் மறுபடி கொலைக்குப் போக மாட்டார், ஆனால் பிடிபட்டாலும் அரசு கூட்டிவரும் என்று அவருடைய சகாக்களுக்குத் தெரிந்துவிட்டது. கொல்லப்பட்டவரின் குடும்பம் ஏமாற்றத்தை வெளியிட்டது, அதற்கு யாரிடமும் நேர்மையான பதில் இல்லை. இருந்தும், இருமுறை விஷம் வைக்கப்பட்டு 25 ஆண்டு தண்டனையில் இருந்த, அந்த 16 பேரில் ஒருவரான புதின் எதிர்ப்பாளர் விளாதிமிர் காரா-முர்சா உள்ளேயே செத்திருப்பார் என்று நினைக்கும்போது, நவால்னிக்கு நேர்ந்ததையும் பார்த்த பிறகு, கையெழுத்துப் போட்ட ஜெர்மன் அரசை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

குறை சொல்ல வேண்டியது பரிமாற்றத்துக்கு மறுநாள் நடப்பதை. குடிமகனை மீட்பது அரசின் கடமை, மீட்டபின் வாசலை அடைப்பதும் அதே கடமையின் மறுபாதி. இந்த இரண்டாவது பாதியை எந்த அரசும் மனமுவந்து செய்வதில்லை. சிறையிலிருந்து நினைவிழந்து திரும்பிய மாணவர் ஆட்டோ வார்ம்பியர் இறந்தபின், வட கொரியாவுக்குச் செல்ல அமெரிக்கப் பாஸ்போர்ட் 2017 செப்டம்பர் முதல் செல்லாது என்று அறிவித்தார்கள். ரஷ்யாவுக்கோ, இத்தனை பேரை மீட்ட பிறகும், ‘போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு சரி. அங்கே செல்ல அந்தப் பாஸ்போர்ட்டுக்குத் தடை போடவில்லை.