ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டிவைத்த கை

பேஸ்பால் அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் கோடைக் கெடு நெருங்கினாலே வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டராக இருந்த பிட்சரை, கடைசியில் வந்து முடிக்கும் க்ளோசராக்குவது பதவி உயர்வா, தண்டனையா?

அணி நிர்வாகத்தைக் கேட்டால், கடைசி இன்னிங்ஸைத் தாங்கும் மனத்திடம் அவருக்கு உண்டு என்பார்கள். இல்லாவிட்டால் தோளைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஸாக் பிரிட்டன் விஷயத்தில் நடந்தது வேறு. ஸ்டார்ட்டராக அவர் நிலைக்கவில்லை. 2014-ல் அவரை மைனர் லீகுக்குத் தடையின்றி அனுப்பும் ஆப்ஷன்களும் தீர்ந்துவிட்டன. கீழே அனுப்ப முயன்றால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடலாம். அதனால் மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்காரவைத்தார்கள். அந்த ஆண்டே 37 சேவ்!

காரணம் எளிது. ஸ்டார்ட்டர் ஒரே மட்டையாளரை ஓர் ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்க வேண்டும். மூன்றாம் முறைக்குள் அவர் பந்தைப் படித்துவிடுவார். க்ளோசருக்கு ஒரே சந்திப்புதான். பிரிட்டனிடம் தட்டுக்கு அருகே வந்து சட்டென்று அமுங்கும் சிங்கர் இருந்தது. 2016-ல் அவர் எறிந்த பத்துப் பந்துகளில் ஒன்பது அதுதான். வருவது என்ன பந்து என்று தெரிந்தும் அடிக்க முடியவில்லை. 67 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.54 ரன், 47 வாய்ப்பில் 47 சேவ்.

என்னை உறுத்துவது அந்த சேவ் என்ற எண்தான். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உருவாக்கிய கணக்கு அது, 1969-ல் அதிகாரபூர்வமானது. ஆபத்திலிருந்து அணியைக் காப்பாற்றியதற்கான கணக்கு என்பார்கள். விதியைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. மூன்று ரன் முன்னிலையோடு, பேஸ்கள் காலியாக இருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்தால் சேவ் உண்டு. எட்டாவது இன்னிங்ஸில் ஸ்கோர் சமம், மூன்று பேஸிலும் ஆள். அப்போது வந்து மூவரை வீழ்த்திவிட்டுப் போனால் சேவ் இல்லை. பேரும் சம்பளமும் சேவ் எண்ணிக்கையைப் பார்த்தே வந்ததால், மேனேஜர்களும் அந்த விதிக்கு ஏற்பவே க்ளோசரை எழுப்பப் பழகிவிட்டார்கள். வெளியூர் ஆட்டத்தில் ஸ்கோர் சமமாக இருந்தால், முன்னிலை வரட்டும் என்று அவரைப் பத்திரப்படுத்துவார்கள்.

2016 அக்டோபர் 4, டொரன்டோ. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம். 2-2 என்ற நிலையில் பதினோராவது இன்னிங்ஸ். ஓரியோல்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் முன்னிலைக்காகக் காத்திருந்தார். பிரிட்டன் புல்பென்னிலேயே இருந்தார். களத்தில் நின்றது ஸ்டார்ட்டரான உபால்டோ ஹிமேனெஸ். மூன்று மட்டையாளர்களைச் சந்தித்தார், ஒருவரும் அவுட்டாகவில்லை. மூன்றாமவர், டொரன்டோவின் எட்வின் எங்கார்னாசியோன், அடித்த ஹோம்ரனில் மூன்று ரன். 5-2. அந்த ஆண்டின் மிகச் சிறந்த க்ளோசர் ஒரு பந்துகூட எறியாமல் ஊர் திரும்பினார். டொரன்டோ தமிழ் ரசிகர்கள் பலர் இன்றும் கொண்டாடும் இரவு அது. எனக்கோ அந்த மூடிய புல்பென் கதவுதான் கண்ணில் நிற்கிறது.

மற்ற கேள்விகள்:

க்ளோசரானவர் ஸ்டார்ட்டராகத் திரும்ப முடியுமா? ஜான் ஸ்மோல்ட்ஸ் 2002-ல் 55 சேவ் எடுத்தார், 2005-ல் திரும்பினார்.

இந்த மாற்றத்தால் யாருக்காவது பெரிய விருது கிடைத்ததா? முன்னாள் ஸ்டார்ட்டர் டென்னிஸ் எக்கர்ஸ்லி 1992-ல் க்ளோசராக சை யங், எம்விபி இரண்டையும் வாங்கினார்.

பணம் யாருக்கு அதிகம்? நல்ல ஸ்டார்ட்டருக்குத்தான்.

மேனேஜர்கள் மாறியிருக்கிறார்களா? கொஞ்சம். தோள் காயத்திலிருந்து மீண்ட ஸ்டார்ட்டர் ரோகி சசாகியை டாட்ஜர்ஸ் 2025 அக்டோபரில் கடைசி இன்னிங்ஸ்களுக்குப் பயன்படுத்தியது. ஃபிலடெல்பியாவுக்கு எதிரான சுற்றின் நான்காவது ஆட்டத்தில் 1-1 என்றிருக்கும்போதே எட்டாவது இன்னிங்ஸில் இறக்கினார்கள். மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஒருவரும் பேஸை எட்டவில்லை. அடுத்த இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் வென்று அந்தச் சுற்றையே முடித்தது. சசாகிக்கு அன்று சேவ் இல்லை.