ஊர்ப்பேச்சுக்கு உயர்வு தந்த கலைஞர்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்தும்போது நகையையே முதலில் வைத்துள்ளார். நகை தோன்றும் நிலைக்களன்களுள் முதலாவதாக அவர் கூறுவது எள்ளல் ஆகும். தான் பிறரை இகழ்ந்து நகைப்பதும், பிறர் தன்னை இகழும்போது தான் நகைப்பதும் எள்ளலே என்று உரை கூறுவர். முதல்வகைச் சிரிப்பு எளிது, எவரும் சிரித்துவிடலாம். இரண்டாவது வகைக்கு மனவலிமை வேண்டும். பிறர் கேட்டுச் சிரித்த தம் ஊர்ப்பேச்சையே கலையாக்கி, அதற்கு உயர்வு தேடித் தந்த கலைஞர் ஒருவர் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளார். அவரே சுராஜ் வெஞ்ஞாறமூடு.

இளமைக் காலம்

திருவனந்தபுரம் நகரிலிருந்து வடக்கே கொட்டாரக்கரைக்குச் செல்லும் எம்.சி. சாலையில் அமைந்துள்ள ஊர் வெஞ்ஞாறமூடு. அவ்வூரில் 1976ஆம் ஆண்டு சுராஜ் பிறந்தார். தந்தையார் படைவீரர். தந்தையைப் போலத் தாமும் படையில் சேர வேண்டும் என்பதே சுராஜின் விருப்பமாக இருந்தது. ஆனால், மிதிவண்டியிலிருந்து விழுந்து கை முறிந்ததால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அவருடைய தமையனார் படையில் சேர்ந்தார். சுராஜ் தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திரவியல் பயின்றார். பின்னர்ப் பலகுரல் கலைஞராக மேடை ஏறினார்.

பலகுரல் கலை

மிமிக்ரி எனப்படும் பலகுரல் கலை கேரளத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றதாகும். ஒருவரே தனித்து நின்று குரல் மாற்றிப் பேசும் நிலையிலிருந்து வளர்ந்து, கலைஞர் பலர் ஒன்றுசேர்ந்து நிகழ்த்தும் 'மிமிக்ஸ் பரேடு' என்னும் வடிவத்தை 1981ஆம் ஆண்டு கொச்சியின் கலாபவன் குழுவினர் அறிமுகப்படுத்தினர். கோயில் திருவிழாக்களிலும் ஓணக் கொண்டாட்டங்களிலும் இக்கலைக்கு மக்கள் திரண்டனர். தமிழ்த் திரையுலகிலும் அறியப்பட்ட நடிகர் ஜெயராம் கலாபவனிலிருந்து வந்தவரே.

பிறர் குரலைப் போலப் பேசுவது விளையாட்டாகத் தோன்றலாம். உண்மையில் அது கூர்ந்து கவனிக்கும் பயிற்சி. ஒருவர் எச்சொல்லை அழுத்துகிறார், எவ்விடத்தில் மூச்சு வாங்குகிறார், சினம் வந்தால் குரல் உயருமா தாழுமா, பேசும்போது கை எங்கே செல்கிறது என்பவற்றை எல்லாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறரை நன்கு கவனிப்பவரே பிறராக மாற முடியும். பிற்காலத்தில் சுராஜ் ஏற்ற வேடங்கள் பலவற்றிற்கும் இப்பயிற்சியே அடித்தளமாயிற்று.

தொலைக்காட்சி தந்த புகழ்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டு கைரளி தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதில் ஒளிபரப்பான 'ஜகபொக' என்னும் நகைச்சுவைத் தொடர் சுராஜை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மேடைக் கலைஞரைத் திருவிழாவிற்கு வந்தவர் மட்டுமே காண்பர். தொலைக்காட்சிக் கலைஞரோ அறியாத ஊர்களின் அறியாத இல்லங்களுக்கும் சென்று விடுகிறார். அவ்வாறு சென்றபோது சுராஜ் தம் ஊர்ப்பேச்சையும் உடன் கொண்டு சென்றார்.

ஊர்ப்பேச்சும் அதன் மதிப்பும்

மலையாளத்திற்கும் தமிழைப் போலவே வட்டார வழக்குகள் பல உண்டு. எனினும், நெடுங்காலம் மலையாளத் திரைப்படங்களில் பாரதப்புழை பாயும் வள்ளுவநாட்டுப் பகுதியின் பேச்சே இனிய பேச்சாகப் போற்றப்பட்டது. திருவனந்தபுரத்தின் தென்பகுதிப் பேச்சு கரடுமுரடானது என்று பிறர் நகைத்தனர். 'என்ன' என்பதற்கு ஏனைய மலையாளிகள் 'எந்து' என்பர். இப்பகுதியினர் 'எந்தரு' என்பர். வியப்புத் தோன்றினால் 'தள்ளே' என்பர். தாயைக் குறிக்கும் 'தள்ளை' என்னும் சொல் தமிழ் அகராதிகளிலும் உள்ளது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை திருவனந்தபுரத்துடன் ஒரே ஆட்சியில் இணைந்திருந்த பகுதி. தமிழும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த நிலம் அது. இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் அப்பேச்சில் இடம்பெறுவது இயல்பே.

2005ஆம் ஆண்டு வெளிவந்த 'ராஜமாணிக்கம்' என்னும் திரைப்படத்தில் மம்மூட்டி இந்த வழக்கிலேயே பேசி நடித்தார். அவருக்கு இப்பேச்சைப் பயிற்றுவித்தவர் சுராஜ். படம் பெருவெற்றி பெற்றது. பிறர் நகைத்த சொற்களைக் கேரளம் முழுவதும் மக்கள் மகிழ்ச்சியுடன் சொல்லிப் பார்த்தனர். சொற்கள் மாறவில்லை, அவற்றைக் கேட்ட செவிகளே மாறின.

சிரிப்பிற்கு அப்பால்

கேரள மாநிலத்தின் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான விருதினை 2009, 2010, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு சுராஜ் பெற்றார். நகைச்சுவை நடிகர் என்று ஒருமுறை பெயர் பெற்றவருக்குப் பிற வேடங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால், டாக்டர் பிஜு இயக்கிய 'பேரறியாத்தவர்' என்னும் படம் அத்தடையை நீக்கியது. அப்பெயருக்குப் 'பெயர் அறியப்படாதோர்' என்பது பொருள். அதில் நகரைத் தூய்மை செய்யும் தொழிலாளியாகவும் தாயில்லா மகனை வளர்க்கும் தந்தையாகவும் சுராஜ் நடித்தார். 2013ஆம் ஆண்டிற்கான சிறந்த நடிகருக்குரிய தேசிய விருதினை அவர் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவுடன் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டிற்கு மாநிலம் அவரைச் சிறந்த நகைச்சுவை நடிகர் என்றது; நாடு அவரைச் சிறந்த நடிகர் என்றது.

2019ஆம் ஆண்டு வெளிவந்த இரு படங்கள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' படத்தில் கேரளத்தின் வடபகுதியிலுள்ள பையன்னூரைச் சேர்ந்த முதியவராக அவர் நடித்தார். தென்பகுதியில் பிறந்தவர் வடபகுதி முதியவராக மாறுவதற்குக் கூர்ந்த கவனிப்பே துணைநின்றது. இப்படம் பின்னர்த் தமிழில் 'கூகுள் குட்டப்பா' என வந்தது.

'விக்ருதி' படத்தில் பேசவும் கேட்கவும் இயலாதவராக அவர் நடித்தார். மருத்துவமனையில் கண்விழித்த களைப்பால் அம்மனிதர் கொச்சி மெட்ரோ ரயிலில் உறங்கிவிடுகிறார். அவரை ஒருவர் படம் பிடித்து, குடித்துவிட்டுக் கிடப்பவர் என்று சமூக ஊடகத்தில் பரப்புகிறார். உண்மை அறியாத மக்கள் சிரிக்கின்றனர். அக்குடும்பமோ கலங்கித் தவிக்கிறது. உண்மையாகவே நடந்த நிகழ்ச்சி ஒன்றைத் தழுவியது இக்கதை. குரலால் புகழ்பெற்ற கலைஞர், குரலற்ற ஒருவரின் துயரைக் கண்களாலும் கைகளாலும் உணர்த்தினார். இவ்விரு படங்களுக்காகவும் 2019ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான கேரள மாநில விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

2025ஆம் ஆண்டு வெளிவந்த 'வீர தீர சூரன்' என்னும் படத்தின் வழியாக அவர் தமிழ்த் திரைக்கும் வந்தார். மதுரையைக் களமாகக் கொண்ட அப்படத்தில் விக்ரமுடன் நடித்தார்.

நாம் அறிவது

நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், குமரித் தமிழ் எனத் தமிழுக்கும் பல வழக்குகள் உள்ளன. வேற்றுமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சில் அவ்வழக்குகளுடன் அயல்மொழிச் சொற்களும் கலந்திருக்கும். வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிப்பதும் உண்டு. அச்சிரிப்பிற்கு அஞ்சி வாய் மூடுபவர் தம் மொழியையே மெல்ல இழக்கின்றனர். எழுத்துத் தமிழைப் பிழையின்றிக் கற்பது கடமை; அதற்காக வீட்டுப் பேச்சை நாணத்துடன் மறைக்க வேண்டியதில்லை. பேச்சு என்பது ஒருவர் எந்த மண்ணிலிருந்து, யாருடைய மடியிலிருந்து வந்தார் என்பதைக் காட்டும் அடையாளம். நல்ல நகைச்சுவை அனைவரையும் சேர்ந்து சிரிக்கச் செய்யும்; ஒருவரைத் தனியே தலைகுனிய வைக்காது.

சிந்தித்து விடை எழுதுக

1. பலகுரல் கலை கூர்ந்து கவனிக்கும் பயிற்சி எனப்படுவது ஏன்?
2. 'சொற்கள் மாறவில்லை; அவற்றைக் கேட்ட செவிகளே மாறின' என்னும் தொடரை விளக்குக.
3. உன் வீட்டில் வழங்கும், பாடநூலில் காணப்படாத தமிழ்ச் சொற்கள் ஐந்தினைப் பெற்றோரிடம் கேட்டு, பொருளுடன் எழுதுக.