ஆபத்துப் பொத்தானுக்கு இரண்டு வயர்

அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2010 வாக்கில் படகோட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. வானொலியின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் படகுகள் அனுப்பும் ஆபத்து அழைப்புகளில் சுமார் 90 விழுக்காட்டில், படகு எங்கே நிற்கிறது என்ற தகவலே அப்போது இருக்கவில்லை. சுமார் 60 விழுக்காட்டில், அழைப்பது எந்தப் படகு என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவும் வழியிருக்கவில்லை. இத்தனைக்கும் வானொலிகள் பழுதாகவில்லை, அழைப்பும் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜிபிஎஸ் கருவியையும் வானொலியையும் இணைத்து, படகைப் பதிவு செய்து வைக்காததுதான் குறை. பதிவு என்பது படிவம் நிரப்பும் வேலை. இணைப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

அரை நொடிச் செய்தி

படகில் பொருத்தும் விஎச்எஃப் வானொலியின் அதிகபட்ச ஆற்றல் 25 வாட். உதவி கேட்டுப் பேசுவதற்கு உலகெங்கும் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். ஆனால் படகில் தண்ணீர் ஏறும்போது, என்ஜின் இரைச்சலுக்கு நடுவே, அட்சரேகை தீர்க்கரேகை எண்களைத் தப்பில்லாமல் வாசிப்பது எளிதல்ல. வாசித்தாலும் மறுமுனையில் ஒருவர் அதைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது டிஎஸ்சி என்னும் எண்முறை அழைப்பு. 1988-இல் உலக நாடுகள் ஏற்று, 1992 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1999 பிப்ரவரி 1-இல் முழுமையடைந்த உலகக் கடல் ஆபத்துத் தொடர்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி அது. இதற்கென்றே 70-ஆம் சேனலை (156.525 மெகாஹெர்ட்ஸ்) ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் யாரும் பேசக்கூடாது. வானொலிகள் மட்டும் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் எண்களைப் பரிமாறிக்கொள்ளும். மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், ஏறக்குறைய அரை நொடியில் செய்தி போய்விடும். கரையிலிருந்து ஏற்புச் செய்தி வரும்வரை சுமார் 4 நிமிடத்துக்கு ஒருமுறை வானொலி தானாகவே அதைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த அரை நொடிக்குள் நான்கு விவரங்கள் அடங்கும். முதலாவது படகின் அடையாளம், 9 இலக்கத்தில். கப்பல், படகு ஆகியவற்றின் எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417. இரண்டாவது என்ன ஆபத்து என்பது: தீயா, மூழ்குகிறதா, மோதலா. மூன்றாவது இருக்குமிடம், 10 இலக்கத்தில். நான்காவது அந்த இடத்தில் இருந்த நேரம், 4 இலக்கத்தில்.

சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே 13 பாகை 6 கலை, கிழக்கே 80 பாகை 18 கலை. (ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை.) செய்தியில் இது 0130608018 என்று போகும். முதலில் நிற்கும் 0 வடகிழக்குக் கால்வட்டத்தைக் குறிக்கிறது. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். மீட்பவர்கள் எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பது இந்தப் பத்து இலக்கத்திலேயே தெரிந்துவிடும். கலையின் பின்னங்களையும் சேர்த்து அனுப்பும் வானொலிகள் உண்டு.

வானொலிக்குத் தன் இடம் தெரியாவிட்டால்? பத்து இலக்கத்திலும் 9 என்று நிரப்பும், நேரத்துக்கு நான்கு 8 போடும். எந்த எண்ணுடைய படகு ஆபத்தில் இருக்கிறது என்பது கரைக்குத் தெரியும்; எங்கே என்பது தெரியாது.

ஜிபிஎஸ் பேசும் மொழி

ஜிபிஎஸ் கருவி கணக்கிட்ட இடத்தைத் திரையில் காட்டுவதோடு, பின்புறம் உள்ள வயர் வழியாகவும் சொல்லிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறை. படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேச அமெரிக்கக் கடல் மின்னணுச் சங்கம் 1983-இல் வகுத்த என்எம்இஏ 0183 தரம்தான் அந்த மொழி. டாலர் குறியில் தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் அதிகபட்சம் 82 எழுத்துக்குறிகள். நமக்கு முக்கியமானது ஆர்எம்சி என்னும் வரி. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தேதி எல்லாம் அதில் இருக்கும். நடுவே ஓர் எழுத்து வரும். அது ‘ஏ’ என்றால் கணக்கு நம்பத்தக்கது, ‘வி’ என்றால் செயற்கைக்கோள்கள் இன்னும் பிடிபடவில்லை. வரியின் கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் கணக்கு ஒத்துவராது. வானொலி அந்த வரியைத் தள்ளிவிடும்.

இணைப்பது எப்படி

வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸின் ‘அவுட் பிளஸ்’ வயரை வானொலியின் ‘இன் பிளஸ்’ வயரோடும், ‘அவுட் மைனஸ்’ வயரை ‘இன் மைனஸ்’ வயரோடும் சேர்க்க வேண்டும். பழைய ஜிபிஎஸ்களில் அவுட் மைனஸ் தனியாக இருக்காது. அப்போது வானொலியின் இன் மைனஸை ஜிபிஎஸ்ஸின் கிரவுண்டில் சேர்க்கலாம். நிறத்தைப் பார்த்து வயரை இணைக்கக்கூடாது. இந்த நிறம் இந்த வேலைக்கு என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. கையேட்டைப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரு ஜிபிஎஸ்ஸிலிருந்து பல கருவிகளுக்குத் தகவல் கொடுக்கலாம். இரண்டு ஜிபிஎஸ்களின் அவுட் வயர்களை ஒரே உள்ளீட்டில் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டின் தகவலும் குழம்பிவிடும்.

அடுத்து வேகம். ஜிபிஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலில் என்எம்இஏ 0183 வெளியீட்டை இயக்கி, வேகத்தை 4800 என்று வைக்க வேண்டும். வரைபடத் திரை உள்ள கருவிகளில் அது சில நேரம் 38400 என்று இருக்கும். கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்க உதவும் ஏஐஎஸ் கருவிக்கான வேகம் அது. வயரெல்லாம் சரியாக இருந்தும் வானொலித் திரையில் எண் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். பிறகு பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கிறதா, ஆர்எம்சி வரி வெளியே அனுப்பப்படுகிறதா என்று சோதியுங்கள்.

கடலில் இணைப்புக்கு எமன் உப்புக்காற்று. வெறும் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் சில மாதங்களில் களிம்பேறிவிடும். வெள்ளீயம் பூசிய கம்பி, நல்ல பற்றவைப்பு, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். புதிய படகுகளில் இந்தத் தலைவலி குறைவு. என்எம்இஏ 2000 என்ற அடுத்த தலைமுறைத் தரத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே முதுகெலும்புக் கேபிளில் செருகிக்கொள்ளும். ஜிபிஎஸ் உள்ளேயே அமைந்த வானொலிகளும் கிடைக்கின்றன. அவற்றை உலோகக் கூரைக்கு அடியில் வைத்தால் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாமல் போகலாம்.

கையால் எண்ணைப் பதிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மணிக்கு 8 கடல் மைல் ஓடும் படகு, 4 மணி நேரத்தில் 32 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். அதனால்தான் கையால் பதிந்த இடம் 4 மணி நேரம் பழையதானதும் பல வானொலிகள் நினைவூட்டுகின்றன; 23½ மணி நேரத்துக்கு மேல் அதை அழித்தும் விடுகின்றன.

எதிர்த்திசையிலும் வயர் இழுக்கலாம். வானொலியின் ‘அவுட்’டை வரைபடத் திரையின் ‘இன்’னில் கொடுத்தால், பக்கத்தில் வேறொரு படகு ஆபத்து அழைப்பு விடும்போது அது நிற்கும் இடம் நம் வரைபடத்தில் புள்ளியாக விழும். கரையிலிருந்து காவல்படை வந்து சேர்வதற்குள் முதலில் எட்டுவது பெரும்பாலும் அருகிலுள்ள படகுதான்.

இணைத்தபின் சோதிப்பதற்காகச் சிவப்புப் பொத்தானை அழுத்தாதீர்கள். அது உண்மையான ஆபத்து அழைப்பாகவே போய்ச் சேரும். சோதனை அழைப்புக்கென்று பல வானொலிகளில் தனி வசதி இருக்கிறது. நண்பர் படகின் 9 இலக்க எண்ணுக்கு அதை அனுப்பிப் பாருங்கள். உண்மையாகவே பொத்தானை அழுத்த நேர்ந்தால், அதோடு நிற்காமல் 16-ஆம் சேனலில் வாயாலும் சொல்லுங்கள். டிஎஸ்சி இல்லாத வானொலிகளுக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்கும்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டீசல் அளவைப் பார்ப்பதோடு வானொலித் திரையையும் ஒருமுறை பாருங்கள். அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியான நேரமும் தெரிந்தால் கிளம்பலாம். தெரியவில்லை என்றால், கரையில் இருக்கும்போதே வயரைச் சரிசெய்துவிடுங்கள்.