லேப்டாப் ஏன் இரைகிறது?

சத்தியவேட்டுச் சித்திரை வெயிலில் லேப்டாப் இரைந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து ஸ்ரீசிட்டியில் ஏசி செய்யும் ஆலைகள் இருக்கின்றன; லேப்டாப்புக்குள் இருப்பதோ வெறும் விசிறி. அது காற்றைக் குளிர்விக்காது. அறைக் காற்றை இழுத்து, சிப்பின் சூட்டை அதில் ஏற்றி வெளியே தள்ளும், அவ்வளவுதான். அறையே அனலாக இருந்தால் வேகமாகச் சுற்றத்தான் வேண்டும்.

மார்கழி ராத்திரியிலும் இரைகிறதா? அப்போது விசாரிக்க வேண்டியதுதான். ஒன்று, சூடு அதிகமாக உண்டாகிறது. இல்லையென்றால், உண்டான சூடு வெளியேற வழியில்லை.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். சும்மா இருக்கும் லேப்டாப்பில் சிபியு சில சதவீதம்தான் ஓட வேண்டும். அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடினால் முடியட்டும் என்று விடுங்கள். பிரவுசரில் 40 டேப் திறந்திருந்தால் மூடுங்கள். ஓசியில் இறக்கிய திருட்டு மென்பொருளோடு கிரிப்டோ காசு தோண்டும் புரோகிராம் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

சிபியு ஓய்வாக இருக்க, விசிறி மட்டும் கத்தினால் காற்றுவழியைப் பாருங்கள். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிவிடும், பலகைமேல் வையுங்கள். பழைய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும். கையால் உரித்தே எடுக்கலாம்! வெளியிலிருந்து தகடுகளைப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அடைப்பு அவற்றின் உள்பக்கத்தில் இருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் விசிறி கண்டபடி சுழன்று பேரிங் கெடும்.

தூசி போயும் சத்தம் குறையவில்லையா? சிப்புக்கும் செம்புக்கும் நடுவே தடவிய, சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சில வருஷத்தில் அது உலர்ந்துபோகும். பழக்கமில்லாதவர்கள் அதில் கைவைக்காமல் சர்வீஸ் கடையில் மாற்றச் சொல்வதே நல்லது. பல சிப்புகள் 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரைச்சலோடு லேப்டாப் மந்தமாவதும் அதனால்தான்.

காற்றிரைச்சலாக இல்லாமல் கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அதற்கு விசிறியைத்தான் மாற்ற வேண்டும்.