பூரியை ஊதுவது யார்?

காய்ந்த எண்ணெயில் பூரியை இட்டதும் சில நொடிகளில் அது பந்துபோல் எழும்புகிறது. மாவில் ஈஸ்ட் இல்லை, ஆப்பசோடாவும் தேவையில்லை. அப்படியானால் பூரியை ஊதுவது யார்? மாவு பிசைய நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான்!

கோதுமையில் கிளையாடின், குளூட்டெனின் என்னும் புரதங்கள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்போது இவை இணைந்து, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. அரிசி மாவில் இந்த வலை உண்டாவதில்லை. பிசைந்த மாவைக் கால் மணி நேரம் மூடி வைத்தால் வலையின் விறைப்பு தளரும். தேய்க்கும்போது மாவு சுருங்காது.

பூரி பொரியும் எண்ணெயின் வெப்பநிலை சுமார் 180 டிகிரி செல்சியஸ். அதில் விழுந்ததும் பூரியின் மேற்புறம் காய்ந்து தோலாகிறது. உள்ளேயுள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாத ஆவி, குளூட்டன் வலையை இழுத்துப் பூரியை இரண்டு தோல்களாகப் பிரிக்கிறது. ஒரு பூரியில் ஊசியால் பல துளைகள் இட்டு, பெரியவர்களைப் பொரித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். ஆவி துளைகளின் வழியே தப்பிவிடுவதால் அது சரியாக உப்பாது.

எண்ணெய் போதிய அளவு காயாவிட்டாலும் இதே கதைதான். தோல் விரைவில் இறுகாது. ஆவி சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். பூரி தட்டையாகி, வேகவும் நேரமாகும், எண்ணெயையும் குடிக்கும்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது தெரியுமா? பொரியும்போது ஆவி வெளிநோக்கித் தள்ளுவதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. பூரியை வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது மேலே ஒட்டியுள்ள எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே ஜல்லிக்கரண்டியில் எடுத்த உடனேயே எண்ணெயை நன்றாக வடித்துவிட வேண்டும். மாவைக் கெட்டியாகப் பிசைவதும் எண்ணெயைக் குறைக்கும்.

இதில் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். 25 கிராம் கோதுமை மாவு தருவது சுமார் 85 கிலோகலோரி. அந்தப் பூரி 5 கிராம் எண்ணெயைக் குடித்தால் மேலும் 45 கிலோகலோரி சேர்கிறது. சத்தில் பாதிக்கு மேல் கூடுதல்!

தவிடு நீக்காத மாவில் நார்ச்சத்தும் தயாமின் என்னும் வைட்டமினும் உண்டு. மைதாவில் இவை குறைவு. ஆப்பசோடா தயாமினை அழிக்கும். கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கொண்டைக்கடலை அதை ஈடு செய்யும். ஆகவே கிழங்கைவிடக் கடலைக் குழம்பே பூரிக்கு நல்ல துணை.

கடைசியாக, சட்டியில் மிஞ்சிய எண்ணெய். வெப்பமும் காற்றும் மாவின் நீரும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. மீண்டும் மீண்டும் காய்ச்சினால் தீங்கான பொருள்கள் பெருகும். இவற்றுள் முனைவுச் சேர்மங்கள் எனப்படுபவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். கண்ணும் மூக்கும் போதும். எண்ணெய் கறுத்துக் குழகுழப்பானாலோ, நுரைத்தாலோ, முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ அதை நீக்கிவிடுங்கள். அதன்மேல் புது எண்ணெயை ஊற்றாதீர்கள். புதியதும் விரைவில் கெடும்.