தயிர் ஏன் உறையவில்லை?

"ஏனுங்கண்ணா, நேத்துப் பால் உறையவே இல்லீங்களே?"

ஓமலூர் பக்கம் வீட்டுப் பால் வாங்குகிறவரா நீங்கள்? உறைமோரைக் குறை சொல்லும் முன், மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று விசாரியுங்கள். மடிநோய்க்குப் போடும் பென்சிலின் பாலிலும் இறங்கும். உறைமோரின் நல்ல கிருமிகளை அடக்கிவிடும். காய்ச்சினாலும் முழுசாகப் போகாது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து!

லிட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சிலின் கூடாது என்கிறது, 'கோடெக்ஸ்' என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பின் மருந்துப் பட்டியல். அந்த அளவுக்கு இறங்க எத்தனை நாள்? 2012 விதிப்படி அதை மருந்து லேபிளிலேயே அச்சிட வேண்டும். தனியாகக் கணக்கிடாத மருந்தென்றால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28.

அத்தனை நாள் பாலையும் கீழே ஊற்றினால் பால்காரர் பிழைப்பது எப்படி? அதனால்தான் வாயைத் திறக்க மாட்டார். அதட்டாமல், "ஊசி போட்டா சொல்லிடுங்க. ஒரு வாரம் கழிச்சு உங்ககிட்டயே வாங்கிக்கறோம்" என்று சொல்லிப் பாருங்களேன்.